அரை மணி நேரம் கழித்துப் போகிறவள்

அலுவலகத்தில் அவள் பெயர் ரெண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, நல்ல பெயர்தான்; ஆனால் வேலைக்குச் சேர்ந்த வாரமே அதைச் சொல்லிக் கூப்பிடுவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவளுடைய கூட்டாளியின் பெயர் ஒண்ணு. ஒண்ணு முதலில் போவாள், ரெண்டு அரை மணி நேரம் கழித்துப் போவாள். சுருக்கமாகச் சொன்னால் இருவருடைய தொழிலும் இவ்வளவுதான்.

போவது வீடு பார்க்க. ‘வாடகைக்கு’ என்று பலகை தொங்கும் வீட்டுக் கதவை முதலில் ஒண்ணு தட்டுவாள். அவள் வெளுப்பு, ஊரில் பெரும்பான்மை மக்களின் சாயல். வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரிய வரவேற்று, குழாயைத் திறந்து காட்டி, ஜன்னலைத் திறந்து காட்டி, “எப்ப குடி வரீங்க?” என்று கேட்பார். அரை மணி நேரம் கழித்து அதே கதவை ரெண்டு தட்டுவாள். அவள் கருப்பு. முகத்தைப் பார்த்தாலே எந்த மக்களைச் சேர்ந்தவள் என்று தெரிந்துவிடும். அந்த மக்களுக்கு அந்த ஊரில் நல்ல வேலையும் குதிரைக்கொம்பு, நல்ல வீடும் குதிரைக்கொம்பு. அதே வீட்டுக்காரர் கதவைப் பாதி மட்டும் திறந்து, “அடடா, போயிடுச்சேம்மா. இப்பதான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்தேன்” என்பார். இருவரும் அலுவலகம் திரும்பி, ஒருவரோடு ஒருவர் பேசாமல், கேட்டதைக் கேட்டபடி தனித்தனியாக எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வீட்டுக்காரரின் வண்டவாளம் தெரிந்துவிடும். மிச்சத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

பார்க்கப் போகும்போது இருவருக்கும் ஒரே கதை. கணவன் பேங்கில் வேலை, ஒரே குழந்தை, நாய் பூனை கிடையாது. ரெண்டுவின் நிஜக் கணவன் மினி பஸ் ஓட்டுகிறவன். ஒண்ணுவுக்குக் கணவனே கிடையாது, அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது. ஒருமுறை வீட்டுக்கு வந்த போனை ரெண்டுவின் மாமியார் எடுத்துவிட்டாள். “ரெண்டு இருக்காளா? நான் ஒண்ணு பேசறேன்” என்று ஒரு பெண்குரல். மாமியார் போனை வைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பி, “டேய், யாருடா அந்த ஒண்ணு?” என்று கேட்டாள். அந்த அப்பாவி மனிதன் அன்று முழுக்கச் சத்தியம் பண்ணித் தீர்த்தான்.

அலுவலகம் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் மரியாதைக்குத்தான். ஓர் அச்சகத்தின் பின்னறை அது. முன்னால் மெஷின் ஓடினால் பின்னால் மேஜை நடுங்கும், டீ தளும்பும். அங்கே பெரியக்கா ராஜ்யம். இந்த அமைப்பை ஆரம்பித்தவள் அவள். மூக்கின் மேல் கோபம், ஆனால் கோபம் இறங்கினதும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஜாதி.

பெரியக்காவின் கோபத்துக்கு முக்கால் காரணம், நிதி கொடுக்கிறவர்கள். இத்தனை வருஷம் வந்த பணமெல்லாம் வாலோடு வந்த பணம். ஒரு நிறுவனம் வீடு பார்க்கப் போக பஸ் காசு கொடுத்தது, திரும்பி வரக் கொடுக்கவில்லை. திரும்பி வருவது திட்டத்தின் நோக்கத்தில் சேராதாம். இன்னொன்று குடை கொடுத்தது. நல்ல குடைதான், ஆனால் சுற்றிலும் கொட்டை எழுத்தில் ‘வாடகை வீட்டில் பாகுபாடு காட்டாதே’ என்று அச்சடித்திருந்தது. யாருக்கும் தெரியாமல் சோதிக்கப் போகிறவள் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு போனால் விளங்கினாற்போலத்தான். ஆகவே குடைகள் அலமாரியில் காய்ந்தன, ஒண்ணுவும் ரெண்டுவும் மழையில் நனைந்தார்கள். மூன்றாவது நிறுவனம் இவர்கள் வீட்டுக்காரர்களோடு சிரித்தபடி நிற்கும் போட்டோ கேட்டது. அன்று பெரியக்கா போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காசை வைத்து ஒரு குடும்பம் விரட்டப்பட்டதை நிரூபிக்கலாம். விரட்டப்பட்ட குடும்பத்துக்கு ஒரு பாய் வாங்கித் தர முடியாது. வழக்கு முடிய மாதக்கணக்கு ஆகும். அதுவரை அவர்கள் எங்கே படுப்பார்கள் என்ற கேள்விக்கு எந்தத் திட்டத்திலும் கட்டம் இல்லை.

இப்போதுகூட அப்படி ஒரு குடும்பம் அச்சகத்தின் பின்னறையில்தான் இருந்தது. தையல்காரம்மாவும் அவள் இரண்டு பெண்களும். வீட்டுக்காரர் மாறினார், புது ஆளுக்கு இவர்கள் முகம் பிடிக்கவில்லை, சாமான்கள் தெருவுக்கு வந்தன. சோதித்துப் பார்த்ததில் அந்த ஆள் கையும் களவுமாக மாட்டினான், வழக்கு நடக்கிறது. பகலில் தையல்காரம்மா பெரியக்காவின் மேஜை ஓரத்தில் மெஷினைப் போட்டுத் தைப்பாள். பெண்கள் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து பாடம் படிப்பார்கள். அச்சகக்காரர் நல்ல மனிதர். ஆனால் மையும் காகிதமும் இருக்கிற இடத்தில் குடும்பம் தங்கக் கூடாது என்று நகராட்சிக்காரர்கள் வந்து கண்டித்துவிட்டுப் போனார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, “ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற இடம் பாத்துடுங்கம்மா, என் லைசென்ஸ் போயிடும்” என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை.

அந்த வாரம்தான் போன் வந்தது. பெரியக்கா எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு நிதி நிறுவனம். நிறமும் பிறப்பும் பார்த்து ஒதுக்கப்படுகிறவர்களுக்காக வேலை செய்கிற சின்ன அமைப்புகளுக்கு உதவுகிறதாம். மூன்று வருஷத்துக்கு இவர்களுக்குப் பணம் தர முடிவு செய்திருக்கிறதாம்.

“எந்தத் திட்டத்துக்கு?” என்றாள் பெரியக்கா.

“திட்டம்னு ஒண்ணும் இல்லீங்க. உங்களுக்கு எது தேவையோ அதுக்கு. சம்பளத்துக்கு, வாடகைக்கு, எதுக்கு வேணும்னாலும்.”

“விண்ணப்பம்?”

“வேண்டாங்க.”

பெரியக்கா போனைக் கையால் மூடினாள். “மோசடிக் கும்பல்டி,” என்று கிசுகிசுத்தாள். “இப்ப பாரு, பேங்க் நம்பர் கேப்பாங்க.”

“உங்க பேங்க் கணக்கு விவரம் மட்டும் அனுப்பிடுங்க,” என்றது போன்.

பெரியக்கா டக்கென்று வைத்துவிட்டாள். ஊரை ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பதே தொழிலாக இருப்பவளின் காதில் பூச்சுற்றப் பார்க்கிறார்களே என்று கொஞ்ச நேரம் பொருமினாள். போன் மறுபடி வந்தது, எடுக்கவில்லை. கடைசியில் மறுநாள், போனில் பேசிய அந்த நிதிக்காரம்மாவே பஸ் பிடித்து நேரில் வந்து, உட்கார இடமில்லாமல் ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, தளும்புகிற டீயைக் குடித்தாள்.

“உங்க வக்கீலைக் கேட்டோம். உங்களால வழக்குல ஜெயிச்சவங்களைக் கேட்டோம். அது போதும்,” என்றாள். “வேலை செய்யறவங்க நீங்க. என்ன வேணும்னு எங்களைவிட உங்களுக்குத்தானே தெரியும்? நம்பித்தான் குடுக்கறோம்.”

“அப்ப ரிப்போர்ட்டு?”

“வருஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுங்க. நல்லதையும் சொல்லுங்க, சொதப்பினதையும் சொல்லுங்க.”

அவள் போனதும் பெரியக்கா எல்லோரையும் சுற்றி உட்காரவைத்து, என்ன வேண்டும் என்று கேட்டாள். இத்தனை வருஷம் இது இல்லை அது இல்லை என்று அரற்றியவர்களிடம், என்ன வேண்டும் என்று கேட்டதும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பெரியக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ஒண்ணு மெல்ல, “ஒரு குடை,” என்றாள். “எழுத்து இல்லாத குடை.” அவ்வளவுதான், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்ததில் நாக்கின் கட்டு அவிழ்ந்தது. நல்ல செருப்பு, வீடு பார்க்காத நாளுக்கும் சம்பளம், நடுங்காத ஒரு மேஜை என்று ஆளுக்கொன்று வந்தது.

ரெண்டு தையல்காரம்மாவின் சின்னப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை காகிதக் கட்டில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருந்தது. கன்னத்தில் அச்சு மை.

“அக்கா, ஒரு வீடு எடுப்போம்,” என்றாள் ரெண்டு. “நம்ம பேர்ல. விரட்டினவங்களுக்கு வேற இடம் கிடைக்கிற வரைக்கும் தங்கறதுக்கு. இவங்க போனா அடுத்தவங்க. நான் எத்தனை வீடு பாத்திருப்பேன், ஒண்ணுலயாவது ஒரு ராத்திரி யாராவது என்னால படுத்திருக்காங்களா?”

பெரியக்காவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க, “அப்ப ஏன் என் மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க? தேடுங்க!” என்று கத்தினாள்.

வெள்ளிக்கிழமை ஓர் இடம் தகைந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பேக்கரி. அதன் மாடியில் இரண்டு அறை, சமையலறை, தெருப் பக்கம் பெரிய ஜன்னல். பெரியக்கா காலையிலேயே ஒண்ணுவுக்கும் ரெண்டுவுக்கும் தனித்தனியாகப் போன் பண்ணி, “பேக்கரி மாடி, போய்ப் பாருங்க” என்று எப்போதும் சொல்வதுபோலவே சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டாள். இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். ஆனால் வேலை நேரத்தில் வெளியில் ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் முதல் விதி. ஆகவே தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள். இறங்கினார்கள். ஒண்ணுவின் கால் தானாகப் பேக்கரி பக்கம் நடந்தது. ரெண்டுவின் கால் தானாக எதிர்ப்பக்க பெஞ்சுக்குப் போனது. அவள் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் இருவரில் ஒருத்தி வாயைத் திறந்து, ‘ஏய், இன்னைக்கு நிஜமாவே வீடு வேணும்டி’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பழக்கம் யாரை விட்டது? ஒண்ணு வெளியே வந்தாள், பெஞ்சைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அரை மணி நேரம் ஆனதும் ரெண்டு எழுந்து போய்ப் பேக்கரிக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ரொட்டி வாசனை கும்மென்று வந்தது. முழங்கை வரை மாவோடு ஒரு பெரிய அம்மா நின்று மாவை அடித்துக்கொண்டிருந்தாள். அந்த அடியைப் பார்த்தால் மாவுக்கும் அவளுக்கும் பழைய பகை இருக்கும்போல் தோன்றியது.

“மாடி வீடு வாடகைக்குன்னு பலகை பாத்தேங்க,” என்றாள் ரெண்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு சும்மா இருந்தால்தானே? “எங்க வீட்டுக்காரர் பேங்க்ல இருக்கார். ஒரே குழந்தை. நாய் பூனையெல்லாம் கிடையாது.”

பேக்கரி அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “அடடா, போயிடுச்சேம்மா,” என்றாள். “இப்பதான், அரை மணிகூட ஆகலை, ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன்.”

 இந்த வரியை எத்தனை கதவில் கேட்டிருப்பாள் ரெண்டு! கேட்டுக் கேட்டு மரத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தாள். மற்ற நாளில் அது வேலை. கேட்டதும் உள்ளுக்குள் ‘மாட்டினியா’ என்று ஒரு குரூர சந்தோஷம்கூட வரும். இன்று அந்த மை பூசிய கன்னம் கண்ணில் வந்து நின்றது. இன்று அது வலித்தது.

“வெயில்ல வந்திருக்க. இந்தா,” என்று பேக்கரி அம்மா ஒரு சூடான பன்னைத் தாளில் சுற்றி நீட்டினாள். “நம்பர் குடுத்துட்டுப் போ. அவங்க வரலைன்னா சொல்றேன்.”

நம்பர் கேட்பதும் பழைய நாடகம்தான், ஒருவரும் கூப்பிட்டதில்லை. ரெண்டு அலுவலக நம்பரைச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். பன்னைச் சாப்பிடக் கூடாது என்று வைராக்கியமாக நினைத்தாள். பஸ்ஸில் பாதி வழியில் சாப்பிட்டுவிட்டாள். அது நன்றாக இருந்ததில் கோபம் இன்னும் ஏறியது.

அலுவலகத்தில் ஒண்ணு ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ரெண்டு இன்னொரு மூலையில் உட்கார்ந்து, காகிதம் கிழியும்படி அழுத்தி எழுதினாள். பெரியக்கா கோர்ட்டிலிருந்து வந்து பையைக்கூட வைக்கவில்லை, ரெண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

“அக்கா, இவளை விடக்கூடாது. பன் குடுத்து ஏமாத்தறா! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நடிப்பு நான் பாத்ததே இல்ல. கேளுங்க, வார்த்தை மாறாம எழுதியிருக்கேன்: ‘அரை மணிகூட ஆகலை, ஒருத்தருக்கு வாக்குக்...’”

அங்கே அவள் நின்றாள். மெல்லத் தலையைத் திருப்பி ஒண்ணுவைப் பார்த்தாள். ஒண்ணு ஏற்கனவே பேயறைந்தவள்போல இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு என்ன சொன்னாங்க?” என்றாள் ரெண்டு.

“வாக்குக் குடுத்தாங்க,” என்றாள் ஒண்ணு. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “ஞாயித்துக்கிழமை சாவி தரேன்னாங்க.”

முன்னறையில் மெஷின் நின்றிருந்தது. அதனால் பின்னறையில் வெடித்த சிரிப்பு அச்சகம் முழுக்கக் கேட்டது. பெரியக்கா பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் முழுக்க எல்லாக் கதவிலும் பொய்யாகக் கேட்ட வரியை, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி உண்மையாகச் சொல்லியிருக்கிறாள். அதுவும் இவர்களுக்கே கொடுத்துவிட்டு இவர்களிடமே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அவளைக் கோர்ட்டுக்கு இழுக்கப் பார்த்தார்களே! தையல்காரம்மா மெஷினில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பெண்களுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கினதும் எல்லோர் முகத்திலும் அசடு வழிந்தது. பெரியக்காதான் முதலில் பேசினாள். “சரி. வாக்கு யாருக்குக் குடுத்தா? பேங்க்காரன் பொண்டாட்டிக்கு. வெள்ளைத்தோலுக்கு. நீ முதல்ல போயிருந்தா குடுத்திருப்பாளா?”

யாருக்குத் தெரியும்? இதுதான் அந்தக் குளறுபடியின் உச்சம். ஊரில் எந்த வீட்டுக்காரரின் மனசையும் அளந்து சொல்லத் தெரிந்தவர்கள், தங்களுக்கு வேண்டிய ஒரே வீட்டில் அளவைக் கெடுத்துக்கொண்டு நின்றார்கள்.

“பேசாம ஒண்ணு கையெழுத்துப் போடட்டும்,” என்றாள் பெரியக்கா, யார் முகத்தையும் பார்க்காமல். “அப்புறம் மெதுவா இவங்களைக் கூட்டிட்டுப் போயிடலாம். உள்ள போயிட்டா சுலபமா வெளிய அனுப்ப முடியாது. நாளன்னைக்கு ஞாயிறு.”

தப்பான யோசனை என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சின்னப் பெண்ணைத் தெருவில் நிறுத்துவதைவிட எந்தப் பொய்யும் பெரிதில்லை. ஆனால் ரெண்டுவுக்கு மனசு ஒப்பவில்லை. நாளைக்கு வருகிற குடும்பமும் இப்படித்தான் நுழைய வேண்டும். ஒண்ணு முன்னால், மற்றவர்கள் இருட்டில் பின்னால். அப்படியானால் இத்தனை வருஷம் எதை எதிர்த்து நடந்தாள்?

“நான் போய் உண்மையைச் சொல்லட்டுமா?” என்றாள். உடனே தையல்காரம்மாவைப் பார்த்தாள். “ஆனா அக்கா, வீடு போச்சுன்னா கஷ்டம் உங்களுக்குத்தான். நீங்க சொல்றதுதான்.”

தையல்காரம்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். “பொய் சொல்லி உள்ள போனா, தினமும் அந்தப் படியில மூச்சைப் பிடிச்சுட்டு ஏறணும். பழைய வீட்டுல அதைப் பண்ணியாச்சு. போய்ச் சொல்லு தாயி.”

சனிக்கிழமை ரெண்டு தனியாகப் போனாள். பெஞ்சில் உட்காரவில்லை. நேரே உள்ளே போய், ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்: சோதனை, குடை, அச்சகம், ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். பேக்கரி அம்மாவின் கை மாவிலேயே நின்றது. முகம் சிவந்துகொண்டே போனது.

“என்னைப் பரீட்சை வச்சீங்களா?”

“இல்லீங்கம்மா. அதுதான் கூத்தே. வைக்கணும்னு நினைக்கலை. பழக்கம், தானா நடந்துடுச்சு.”

“அந்தப் பொண்ணோட புருஷன் பேங்க்ல...”

“புருஷனே கிடையாது.”

“குழந்தை?”

“அதுவும் கிடையாது. எங்க வீட்டுக்காரரும் பேங்க்ல இல்லை, பஸ்தான் ஓட்டறார்.”

“நாயாவது கிடையாதா?”

“அது மட்டும் நிஜங்க.”

பேக்கரி அம்மா மாவைத் தூக்கி மேஜையில் ஓங்கி அறைந்தாள். ரெண்டு ஓர் அடி பின்னால் போனாள்.  பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, மாவைப் பார்த்தபடியே பேசினாள்.

“நீ முதல்ல வந்திருந்தா குடுத்திருப்பேனான்னுதானே உனக்குத் தெரியணும்? எனக்கும் ராத்திரி தூக்கம் வராது, அதனால சொல்லிடறேன். முடியாதுன்னு சொல்லியிருக்க மாட்டேன். நாளைக்கு வா, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருப்பேன். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை.”

எத்தனையோ கதவு தட்டியவள் ரெண்டு. இப்படி ஒரு பதிலை எவரும் அவளுக்குத் தந்ததில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அதிலும் பாதி நிம்மதி. உண்மை எவ்வளவு கசந்தாலும் அதன் மேல் காலை ஊன்றி நிற்க முடிகிறது.

“வாடகை யார் தருவா?” என்று திடீரென்று கேட்டாள் பேக்கரி அம்மா. தொழில்காரி அல்லவா.

ரெண்டு நிதிக்காரம்மாவைப் பற்றிச் சொன்னாள்.

“வீடு எடுக்கறதுக்குன்னு குடுத்தாங்களா?”

“இல்லீங்க. எதுக்குன்னே கேக்கலை. உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்லிக் குடுத்துட்டாங்க.”

“கேக்காமயா?” பேக்கரி அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. “காகிதம், ஜாமீன், ஒண்ணும் கேக்கலை?”

“நம்பிக் குடுத்தாங்க. நாங்கதான் முதல்ல நம்பலை. மோசடிக் கும்பல்னு போனை வச்சுட்டோம்.”

பேக்கரி அம்மாவின் உதடு துடித்தது. பிறகு மேஜை அதிரச் சிரித்தாள். சிரித்ததில் மாவு பறந்து இருவர் மேலும் படிந்தது. “யோசிக்காம குடுக்க ஒருத்தி இருக்கா. அவளுக்கு நான் என்ன குறைஞ்சவளா?” என்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். “வாக்குக் குடுத்தது குடுத்ததுதான். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. விடியக்காலைல நாலு மணிக்கு மாவு பிசையற மெஷின் ஓடும். சத்தமா இருக்கும். அப்புறம் குறை சொல்லக் கூடாது.”

“அவங்க தூங்கறது அச்சகத்துலங்க. உங்க மெஷின் அவங்களுக்குத் தாலாட்டு.”

“பொண்ணுங்க பள்ளிக்கூடம் போறப்ப ஆளுக்கொரு பன் எடுத்துட்டுப் போகச் சொல்லு. காசு வாங்க மாட்டேன். சும்மா குடுக்கறதா நினைக்க வேணாம், எனக்கு மனசு ஆறணும்.” ஒப்பந்தத் தாளை மேஜையில் வைத்துப் பேனாவை எடுத்தவள் நிமிர்ந்தாள். “ஆமா, உம் பேரு என்ன? நிஜப் பேரு.”

ரெண்டு ஒரு கணம் திகைத்தாள். பிறகு பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னாள். ஒரு வீட்டு வாசலில் அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. பேக்கரி அம்மா அதை அப்படியே எழுதினாள். அடியில் இவள் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கணவனின் மினி பஸ்ஸில் சாமான்கள் வந்தன. தையல் மெஷினை அச்சகக்காரரும் கணவனும் தூக்க, மாமியார் படியில் நின்று, “பாத்து, பாத்து, சுவத்துல இடிக்காதீங்க!” என்று அதட்டினாள். சின்னப் பெண் ஒரு கையில் பன்னோடு ஒவ்வோர் அறையாக ஓடினாள். பெரியக்கா ஜன்னல் ஓரத்தில் நின்று நிதிக்காரம்மாவுக்குப் போன் பண்ணினாள். “வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சொன்னீங்க, அதுவரைக்கும் என்னால பொறுக்க முடியாது. முதல்ல நாங்க சொதப்பினதைச் சொல்றேன் கேளுங்க...” என்று ஆரம்பித்து, சிரிப்பில் திணறி, போனைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

ரெண்டு சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள். ஒண்ணுவுக்குத்தான் எல்லோரும் குழாயைத் திறந்து காட்டுவார்கள்; இவள் பாதிக் கதவோடு திரும்பிப் போய் எழுதியதுதான் அதிகம். இன்று எழுத ஒன்றும் இல்லை. குழாயின் கீழே யாரோ ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது நிரம்பும் வரை நின்று பார்த்தாள். வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது.

அப்புறம்தான் ஒண்ணுவைக் காணோம் என்பது உறைத்தது. ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். எதிர்ப்பக்க பெஞ்சில், எழுத்தில்லாத புதுக் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒண்ணு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏய்! அங்க என்னடி பண்றே?”

ஒண்ணு அண்ணாந்து பார்த்தாள். “நீ முதல்ல போயிட்டியா,” என்றாள், “அதான் அரை மணி ஆகட்டும்னு...” சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மேல வாடி!” என்று ரெண்டு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். “வீடு நம்மளதுடி. வா!”

ஒண்ணு குடையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து ஓடி வந்தாள்.